நாய்க்கு வந்த யோகம்

வெள்ளகோவில் காளிச்சாமி ஒரு வாரமாகத் தெருநாய் ஒன்றை வேப்பமரத்தில் கட்டிவைத்து, பாலும் பன்னும் போட்டுக்கொண்டிருந்தான். மனைவி பழனியாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, எனக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட ஒரு பன்னு வாங்கியாரலீங்களே?"

அவன் சிரித்து மழுப்பினான்.

அன்று மாலை வேலை முடிந்து வந்தவன் பதறினான். "அம்மணி, நாய் எங்க?"

"கயித்த அவுத்துத் தொரத்திப்போட்டேனுங்க. கரூர் ரோட்டுல ஒரே ஓட்டமா ஓடிருச்சு."

காளிச்சாமி வேட்டியை விலக்கிக் காட்டினான். கெண்டைக்காலில் பல் பதிந்த காயம்.

"அந்த நாய்தான் கடிச்சுது. நீ பயந்துக்குவீன்னு சொல்லல. தெனமும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில தொப்புளச் சுத்தி ஊசி போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். பத்து நாள் நாய் நல்லா இருந்துதுன்னா மிச்ச ஊசி வேண்டாம்னு டாக்டர் சொன்னாருடி!"

"அய்யோ சாமி!" பழனியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருட்டும்வரை இருவரும் ஊரெல்லாம் தேடினார்கள். நாய் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவளே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"நாய் நல்லா இருக்குதுங்களா?" ஊசியை எடுத்தபடி நர்ஸம்மா கேட்டார்.

காளிச்சாமி மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சட்டையைத் தூக்கினான்.