இரண்டு ஆம்பியர்

படகில் எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் பேட்டரி மானிட்டர் இரண்டு ஆம்பியர் செலவு காட்டியது. அவன் பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினான், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினான், மானிட்டரின் வயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றினான். இரண்டு இரண்டாகவே நின்றது.

"அவர் விளக்கு போட்டுப் படிச்சிட்டிருப்பாரு, விடுங்க" என்றாள் மனைவி.

அவர் என்றால் செத்துப்போன முதல் கணவன். படகும் அவனுடையதுதான்.

இவனுக்கு வயிறு எரிந்தது. செத்தவனோடு சக்களத்திச் சண்டையா போட முடியும்? பேட்டரியையே பிடுங்கி, மூச்சு வாங்கச் சுமந்து வந்து, வீட்டில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இறக்கினான்.

"இனிமே எப்படிப் படிக்கிறான்னு பாக்கலாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து இவன் பார்த்ததில்லை.

"நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களே" என்றவள், உள்ளே போய்ப் படுக்கையறை விளக்கைப் போட்டாள்.