ஏகாதசித் தள்ளுபடி

"ரெண்டாம் நாள் ஏகாதசிம்மா. நாங்க ரெண்டு பேரும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். அன்னிச் சாப்பாட்டுக்கு எவ்வளவு கழிப்பேள்?"

போனில் நசீராவிடம் கேட்டார் என் வீட்டுக்காரர்.

சென்னையில் நீலதாரா கப்பல் கம்பெனிக்கு முன்பதிவு செய்கிற பெண் அவள். இருபது நாளாக அவரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். அவருடைய சர்க்கரை அளவு என்னைவிட அவளுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

"மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றாள், அழுகிற குரலில்.

என் வீட்டுக்காரர் யதிராஜன், திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் பர்சேஸ் ஆபீசர். ஒரு திருகாணி வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன். ரிட்டயர் ஆனதும் கத்தரிக்காய்க்கும் அதே சட்டம். மிக்ஸிகளை ஒப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு கம்பெனிகள் மூடிவிட்டன. நான் அம்மியில் அரைத்தே மாமியாராகிவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "கோதை, உன்னைக் கப்பல்ல அழைச்சுண்டு போறேன்" என்றார்.

எட்டு மாதம் ஒப்பிட்டார். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நான் இருந்தேன். மழைக்காலம் வந்து கப்பல்களே வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன.

இப்போது மறுபடியும்.

சாகரிகா, ஆழிமகள், நீலதாரா. மூன்று கப்பலுக்கும் சேர்த்து ஒரே அட்டவணை. காகிதத்தை ஒட்டி ஒட்டி அது ஹாலில் ஆரம்பித்து, சமையலறையைக் கடந்து, கிணற்றடி வரை போய்விட்டது. எங்கள் உத்தர வீதியில் தேர் திரும்ப இடமிருக்கிறது. என் வீட்டில் நான் திரும்ப இடமில்லை.

கட்டணத்துக்கு ஒரு கட்டம். பால்கனிக்கு ஒரு கட்டம். மதுபானக் கூப்பனுக்கும் ஒரு கட்டம். கேசினோவில் சூதாட எத்தனை ரூபாய்க்கு ஓசி வில்லை தருகிறார்கள் என்பதற்குக்கூட மதிப்பெண்.

"நமக்கு எதுக்குன்னா அதெல்லாம்?"

"தரேங்கறதைச் சேர்க்காம விட்டா ஆடிட்ல கேள்வி வரும்டி."

எந்த ஆடிட்டர் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கட்டம் போடுவார்.

அன்று மாலை ஐந்து மணியோடு பழைய கட்டணம் முடிகிறது. மணி நாலரை.

எந்தக் கப்பலில் ஏற்றினாலும் எனக்குச் சம்மதம். நீலதாரா மட்டும் ஜெயிக்கக் கூடாது. ரங்கநாதரிடம் அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீலதாராவோ கட்டத்துக்குக் கட்டம் முந்திக்கொண்டு வந்தது.

"அந்தக் கப்பல்ல காபி கழனித் தண்ணி மாதிரி இருக்கும்னா. ஆறாவது மாடி லிஃப்டுக்குக் காத்துண்டிருந்தா கால் வீங்கிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"யூடியூப்ல காட்டினா."

காபிக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார். அப்படியும் முந்தியது.

நடுக்கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதைச் சொல்லி, "ரங்கா, ரங்கா" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். "நாம அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கப் போறதில்லை" என்று சமாதானம் சொன்னார்.

கடைசியில் கூட்டல் வேலை என்னிடம் வந்தது. பாலக்கரைப் பள்ளிக்கூடத்தில் நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். நீலதாராவுக்கு மட்டும் பதினொரு மதிப்பெண்ணைக் கூசாமல் விழுங்கினேன்.

அப்படியும் அதுதான் முதல்.

நசீரா திரும்ப அழைத்தாள். ஏகாதசிக்குத் தள்ளுபடி கிடையாதாம், ஆனால் பெரிய பழத்தட்டு அறைக்கே வருமாம். அவர் முகம் கோபுரத்து விளக்கு மாதிரி எரிந்தது.

"சரிம்மா, புக் பண்ணிடு."

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதிர்ச்சியில் நின்றுவிட்டேன். அதுதான் தப்பு.

ஓ.டி.பி. வர வேண்டும் என்று என் கைபேசி எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "என் நம்பர் வேண்டாம்னா!" என்று அட்டவணையைத் தாண்டிக் குதித்து வருவதற்குள் பத்து இலக்கமும் போய்விட்டது.

ஸ்பீக்கரில் நசீரா தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவளுடைய சிரிப்பு. இருபது நாளில் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"சார், நீங்க எதுக்குக் காசு கட்டறீங்க? மேடம் பேர்ல பால்கனி ரூமே ஃப்ரீயா இருக்கே! கேசினோவுல நிறைய ஆடுறவங்களுக்கு மட்டும் தர்ற ஆஃபர். மூணு தடவை வந்துட்டுப் போயிருக்காங்க!"

அவர் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

சென்னையில் என் தங்கை அம்ருதா வீட்டில் பாகவத உபன்யாசம் என்று மூன்று தடவையும் என்னை ரயிலேற்றிவிட்டவர் அவர்தான். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் வேறு வாங்கிக் கொடுத்தார்.

என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, போனிடம் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ரூம்ல கூட ஒருத்தர் வரலாமாம்மா?"

"தாராளமா சார். மேடம் சரின்னு சொல்லணும், அவ்வளவுதான்."

மணி நாலு ஐம்பத்திரண்டு. இரண்டு பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"இருங்கோ, டிகாக்‌ஷன் போட்டுட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனேன்.

ஃபில்டரில் அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும்.