மறதிக்காரத் தம்பி

"கிரிப்டோ விலை ஏறும், இறங்கும்னு தெரியுமாக்கா?"

"எனக்கு ஒரு நாளும் இறங்கினதில்லையே!" இஸ்திரிக்கார அக்கா பெட்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தாள். "வெளிநாட்டுல இருந்து வீட்டுக்காரர் போன்ல கிரிப்டோவா அனுப்புவாரு. எதிர்க்கடை செல்போன் தம்பி ரூபாயா மாத்தி, மாசாமாசம் இருபதாயிரம் கையில குடுத்துடும். ஒரு பைசா குறைஞ்சதில்ல."

'மக்கள் ஏன் கிரிப்டோவுக்கு மாறுகிறார்கள்?' என்று படிவமும் கையுமாக ஆய்வுக்கு வந்திருந்த மாணவிக்குச் சுருக்கென்றது. விலை தினம் ஒரு ஆட்டம் ஆடுகிறது. மாதாமாதம் ஒரே தொகை என்றால் மிச்சம் யார் வாயில்?

"தங்கமான பிள்ளை," அக்கா ஒரு சட்டையை உதறினாள். "மறதிதான் ஜாஸ்தி. பையில பணத்தை வச்சுட்டு அப்படியே துணியைப் போட்டுடும். நான்தான் எடுத்துக் குடுப்பேன்."

'விழிப்புணர்வு: இல்லை' என்று எழுதிவிட்டு, மாணவி விடுவிடுவென்று சாலையைக் கடந்தாள்.

"வெள்ளந்தியா இருந்தா ஏமாத்திடலாமா? ஏறினப்போ வந்த லாபமெல்லாம் எங்கே சார்?"

செல்போன் கடைக்காரன் பதறிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"மெதுவா மேடம், அக்கா காதுல விழுந்துடப் போகுது! எங்க ஏறுச்சு? அஞ்சு மாசமா இறக்கம்தான். குறையறதை நான்தான் போட்டுக் குடுக்கறேன்."

"நீங்களா? எதுக்கு?"

"இறங்குதுன்னு தெரிஞ்சா பயந்துபோய், முன்னாடி பணம் மாத்திக் குடுத்த பழைய ஏஜென்ட்கிட்டயே போயிடுவாங்க. அவன் பிடிக்கிற கமிஷன்ல அவங்க பொண்ணோட காலேஜ் ஃபீஸே கரைஞ்சிடும். அதோட, நான் சட்டையில மறந்து வைக்கிற பணத்தை ஒரு தடவைகூட அவங்க எடுத்துக்கிட்டதில்ல மேடம். அப்படிப்பட்டவங்களுக்கு இதைக்கூடச் செய்யலைன்னா எப்படி? தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

மாணவி தான் வந்த வேகத்துக்கு வெட்கப்பட்டு, அவனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். 'கிரிப்டோவை நம்பக் காரணம்?' என்ற கேள்விக்கு நேரே 'எதிர்க்கடைத் தம்பி' என்று எழுதி, கையெழுத்துக்காக அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்க்கடையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு தன் காசு டப்பாவைத் திறந்தாள்.

"வழக்கமா என் பொண்ணுதான் நெட்ல பார்த்துச் சொல்லுவா. பரீட்சைக்குப் போயிட்டா. நீ பார்த்துச் சொல்லு கண்ணு, இந்த மாசம் எவ்வளவு இறங்கியிருக்கு? மொத்தமாக் குடுத்தா தம்பி கண்டுபிடிச்சிடும். நாலு சட்டையில இருந்து எடுத்த மாதிரிப் பிரிச்சுத்தான் குடுக்கணும்."