மூன்றரைக் காது நீளம்

"கொம்பைப் பாக்காதேங்கோ, அன்ரி. முதல்ல காதைப் பாருங்கோ," என்று நொயல் கிசுகிசுத்தான்.

சிவகௌரி ஈரப் புல்லில் குப்புறப் படுத்தபடி பைனாகுலரைக் கண்களோடு அழுத்திக்கொண்டாள். அறுபத்தொரு வயதில், வேட்டைக்காரரின் செம்மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, மல்கிரேவ் வீட்டிலிருந்து மூன்று மணிநேரத் தொலைவில் ஒரு மரைமானின் காதை அளப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

"காது நீளத்தைப் போல மூண்டரை மடங்கு கொம்பு இருக்க வேணும். குறைஞ்சால் சுடாமல் விட்டிடுவன்."

எதிர்ச் சரிவில், மரங்களுக்கிடையே ஒரு தலை நிமிர்ந்தது. "ஐயோ, பெரிசு தம்பி! நாலு மடங்கு வரும்!"

"அது இளசு, அன்ரி. உடம்பு சின்னன், அதாலை கொம்பு பெரிசாத் தெரியுது." அவன் சிரித்தான். "நானும் முதல் வருசம் இப்பிடித்தான் ஏமாந்தனான். சுட்டுப்போட்டுக் கிட்டப் போகப் போக, கொம்பு சுருங்கிக்கொண்டே போச்சு."

சிவகௌரிக்குச் சுருக்கென்றது. மகள் லக்சிகாவுக்காக அவள் அளந்த மாப்பிள்ளைகளும் அப்படித்தான் சுருங்கினார்கள். வென்ட்வேர்த்வில் பொறியியலாளரின் படத்தைப் பார்த்து இரண்டு கிழமை பூரித்திருந்தாள். நேரில் வந்தவர் பலகாரத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

லக்சிகாவே விரும்பிக் கூட்டிவந்த இந்த நொயலையோ வாசற்படியில் வைத்தே அளந்து முடித்திருந்தாள். மன்னார், வேதக்காரர், குளிரூட்டி திருத்துகிற வேலை, போதாததற்கு வேட்டைத் துவக்கு. பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. "என்ர உயிர் இருக்கும்வரை இது நடக்காது" என்று லக்சிகாவிடம் ஒரு வருடமாகச் சொல்லிவந்தாள்.

அளவுகோல் எப்போதும் அவள் கையில்தான் இருந்தது. அதில் கோடுகள் இருந்தனவா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சில வாரங்களாக லக்சிகா வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள். சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்விடுவாள். பிடிவாதம் முற்றிவிட்டது, சொல்லாமலே கலியாணத்தைப் பதிவு செய்துவிடப் போகிறாள் என்று சிவகௌரி பயந்தாள். அதற்கு முன் பெடியனை ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று, மகளுக்குத் தெரியாமல் நொயலுக்குப் போன் பண்ணி, "எனக்கு மரை பாக்க ஆசையாக் கிடக்கு" என்றாள்.

அவன் மறுக்கவில்லை. காலையில் கார் புறப்பட்டதுமே, "அன்ரி, உங்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும்" என்று தொடங்கினான்.

"அவசரப்படாதையும் தம்பி. முதல்ல மரையைப் பாப்பம்."

இரண்டாவது தடவை, பெற்றோல் அடிக்கும் இடத்தில் தொடங்கினான். அப்போதும் கையைக் காட்டி நிறுத்தினாள். பெண் கேட்பதற்கு இவ்வளவு அவசரமா என்று உள்ளுக்குள் இனித்தது.

"இதுகளும் எங்கட ஆக்கள்தான் அன்ரி," என்றான் நொயல் இப்போது. "அந்தக் காலத்தில சிலோனிலயிருந்தும் கப்பலில கொண்டந்து விட்டவையாம்."

"விசா இல்லாமலோ?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவன் அவளுடைய தோளைத் தொட்டான்.

ஓடைக்கு மேலே, வெயில் விழுந்த திட்டில் அது நின்றது. கழுத்துப் பிடரி தடித்த பெரிய ஆண் மரை. சிவகௌரி இம்முறை கொம்பைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கும் மேலே.

"மூண்டரை," என்றாள் மூச்சில்லாமல்.

"கூடவும் இருக்கும்." நொயல் துவக்கைத் தோளில் பொருத்தினான். ஐந்து வருடமாகத் தேடுகிற கொம்பு என்று வரும் வழியில் சொல்லியிருந்தான். சிவகௌரி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் துவக்கிலிருந்து தோட்டாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். மரை ஆறுதலாகக் காட்டுக்குள் நடந்து போனது.

"ஏன் தம்பி?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நீங்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டீங்கள் எண்டு தெரியும். உங்களைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு ரத்தம் வேண்டாம்."

இருவரும் காரை நோக்கித் திரும்பி நடந்தார்கள். மாமியாரை மயக்க ஐந்து வருடக் கொம்பை விட்டுக்கொடுக்கிறவன்! இவனைப் போய்ப் பத்து நிமிடத்தில் அளந்தேனே என்று வெட்கப்பட்டாள். வெட்கப்படுகிற தன் பெரிய மனதை நினைத்து, உடனே கொஞ்சம் பெருமையும் பட்டாள்.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் தொப்பியைக் கழற்றித் தலைமயிரைச் சரிசெய்துகொண்டாள். இப்படியான வார்த்தைகளைச் சொல்லும்போது கோலம் ஒழுங்காக இருக்கவேண்டும்.

"நொயல், எனக்குச் சம்மதம். தையில வைப்பம். கோயிலோ சேர்ச்சோ, நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ."

நொயல் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். மாமியாருக்குக் காட்டுகிற மரியாதை என்று அவள் நினைத்தாள்.

"இதைத்தான் அன்ரி, காலமை சொல்ல வெளிக்கிட்டனான். நீங்கள் போன் பண்ணிக் கேட்டபோது மாட்டன் எண்டு சொல்லவும் வாய் வரேல்லை. லக்சிகா இப்ப என்னோட கதைக்கிறேல்லை. எல்லாம் முடிஞ்சுது."

"ஏன்? என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை, அன்ரி. அவ உங்கட சொல்லைக் கேட்டிட்டா."