ஒத்தைப் பலகை, ரெட்டைப் பலகை

“ஒத்தைப் பலகைக்கும் ரெட்டைப் பலகைக்கும் இன்னாம்மா வித்தியாசம்? ரெண்டுமே பனியில சறுக்கத்தானே?”

கேட்ட அம்மாளைப் பெருந்தேவி நிமிர்ந்து பார்த்தாள். ஆபீஸ் அறையில் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே வந்தவள், வெளியே போட்டிருந்த பெஞ்சில் இவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். முப்பதைத் தாண்டியிருப்பாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி, தோளில் தோல் பை.

பெருந்தேவி தாவணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். உள்ளே நுழையும்போதே வாட்ச்மேன் மண்ணாங்கட்டி காதைக் கடித்திருந்தான்: “மொதலாளியம்மா சொல்லாம கொள்ளாம வந்து பொண்ணுங்ககிட்ட பேச்சுக் குடுப்பாங்களாம். உஷாரா இரும்மா.”

சந்தேகமே இல்லை, இவள்தான்!

ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் புதிதாக வந்திருந்த அந்த ஃபைபர் கம்பெனி, குளிர்தேசத்துக்காரர்கள் காலில் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் சறுக்கும் பலகைகளைச் செய்து கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தது. செக்கிங் வேலைக்கு ஒரே ஓர் இடம் காலி. இன்டர்வியூவில் எல்லோருக்கும் இந்தக் கேள்விதானாம். போன வாரம் வந்தவர்கள் அத்தனை பேரும் பதில் தெரியாமல் அசடு வழியத் திரும்பிப் போனார்கள். சரியாகச் சொல்லும் முதல் ஆளுக்கு வேலை. மிச்சப் பேர் வீட்டுக்குப் போகலாம்.

வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை ஒத்திப் போடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் கோபால் மாமாவுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். மாமாவுக்கு மீசையே நரைத்துவிட்டது. அந்த மீசைக்குப் பயந்தே பெருந்தேவி காஞ்சிபுரம் நூலகமே கதி என்று கிடந்து, வெளிநாட்டுப் பத்திரிகைகளை அகராதியும் கையுமாகக் கரைத்துக் குடித்திருந்தாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“ரெட்டைப் பலகைக்கு ஸ்கீன்னு பேரு மேடம். காலுக்கு ஒண்ணு. ஒடுக்கமா, நீளமா இருக்கும். நேரா முன்னாடி பார்த்துக்கினு போவாங்க. ரெண்டு கையிலயும் குச்சி வச்சு ஊனிக்குவாங்க. ஒத்தைப் பலகைக்குப் பேரு ஸ்னோபோர்டு. அது இப்பத்தான் பரவிக்கினு வருது. அகலமா இருக்கும். ரெண்டு காலையும் அது மேலயே கட்டிக்கணும். குச்சியே கிடையாது.”

மேடம் என்றதும் அந்த அம்மாள் லேசாக நெளிந்தாள். பெரிய இடத்து அடக்கம் என்று பெருந்தேவி நினைத்துக்கொண்டாள்.

“காலை ரெண்டையும் கட்டிக்கினா எப்பிடி நிக்கறது? குப்புற உழமாட்டாங்க?”

“பஸ் ஃபுட்போர்டுல சைடா நின்னுக்கினு போறாங்களே, அந்த மாதிரி மேடம். திரும்பணும்னா குதிகாலை அழுத்தணும், இல்லே கால்விரல் பக்கமா அழுத்தணும்.”

“அட!”

அந்த அம்மாள் எழுந்து, சிமெண்டுத் தரையில் கால்களை அகட்டி வைத்து, பக்கவாட்டில் நின்று சாய்ந்து பார்த்தாள். தூரத்திலிருந்து மண்ணாங்கட்டி ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

“சர்த்தான். எது கத்துக்கறது சுலபம்?”

“ரெட்டைப் பலகையில சீக்கிரம் நின்னுடலாம். ஆனா கைதேர்ந்த ஆளாவறதுக்கு வருஷக்கணக்கா ஆவும். ஒத்தைப் பலகை மொதல்ல தள்ளித் தள்ளி அழ வைக்கும். பழகிட்டா கிடுகிடுன்னு வந்துடும்.”

“உழுந்தா எங்க அடிபடும்?”

நல்லவேளை, அதையும் படித்திருந்தாள். “ரெட்டைக்கு முட்டி போவும் மேடம். ஒத்தையில கையை ஊனி உழறதால மணிக்கட்டு.”

“இம்மாம் சொல்றியே, பனியைக் கண்ணால பார்த்திருக்கியா?”

“மார்கழி மாசத்துல செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில பார்த்ததுதான் மேடம்.”

இருவருமே சிரித்துவிட்டார்கள். முதலாளியம்மா என்றால் உர்ரென்று இருப்பாள் என்று நினைத்தது எவ்வளவு தப்பு! அக்கம்பக்கத்து மனுஷி மாதிரி இன்னா, இம்மாம் என்றல்லவா பேசுகிறாள்!

அந்தத் தைரியத்தில் கோபால் மாமாவைப் பற்றியும் சொல்லிவிட்டாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். பெருந்தேவியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“நல்ல மனசும்மா உனக்கு. உனக்கு ஒரு கொறையும் வராது” என்றாள் மெதுவாக. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “ஆமா... செக்கிங்ல எதைப் பார்க்கணும்?” என்று கேட்டாள்.

“ரெட்டைன்னா ரெண்டும் ஒரே நீளம், ஒரே வளைவா இருக்கான்னு பார்க்கணும். ஒத்தைன்னா கால் கட்டற எடத்துல திருகாணி கெட்டியா நிக்குதான்னு பார்க்கணும்.”

தன் பதிலில் பெருந்தேவிக்கே பெருமை தாங்கவில்லை. அந்த அம்மாள் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இனி என்ன, வேலை கிடைத்த மாதிரிதான். கோபால் மாமா இருக்கும் திசைக்கு மனசுக்குள் ஒரு பெரிய கும்பிடு போட்டாள்.

ஆபீஸ் கதவு திறந்தது. பியூன் தலையை நீட்டினான்.

“இன்டர்வியூவுக்கு வந்தவங்கள்ல மொத ஆள், லூர்து மேரி!”

பெருந்தேவியின் பக்கத்தில் இருந்த அம்மாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி துள்ளி எழுந்து, “உள்ளேன் ஐயா!” என்றாள்.