பத்துக்கு இரண்டரை

"வலி, பத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டாள் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ்.

"ரெண்டு." மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "வேணும்னா ரெண்டரை போட்டுக்குங்க சிஸ்டர்."

"ரெண்டரைக்கு ஒரு ஆராய்ச்சி, அதுக்கு ஒரு ரூமு, ரூமுக்கு ஒரு ஏசி," என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த மாமியார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். "பத்து மணிக்கு வரச் சொல்லிட்டு பத்து ஏழுக்குக் கூப்பிடுறீங்க. நான் டைம் கீப்பரா இருந்த ஃபேக்டரியா இருந்தா அரை நாள் சம்பளம் போயிருக்கும்."

மாமியாருக்கு முதல் நாளே மனசுக்குள் 'அலாரம்' என்று பெயர் வைத்துவிட்டாள் நர்ஸ். நேரம் தவறாமல் அடிப்பாள். பக்கத்தில் இருப்பவரை நிம்மதியாக இருக்க விடமாட்டாள்.

மருமகள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். நாற்காலியின் கையைப் பிடித்தபடி இருபது கேள்விகளுக்கும் "பரவாயில்ல சிஸ்டர்" என்றே பதில் சொன்னாள். நர்ஸ் தாளைப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போனாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. இவங்ககிட்ட தனியாப் பேசணும்."

"தாராளமா. ரெண்டரைக்கு ரெண்டு பேர் எதுக்கு?" அலாரம் எழுந்து போனாள்.

கதவு சாத்தியதும், நர்ஸ் மேசை இழுப்பறையிலிருந்து மூன்று வலிக்குறிப்பு நோட்டுகளை எடுத்துப் போட்டாள்.

எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைக்குள் இருக்க வேண்டிய திசு இடம் மாறி வெளியே ஒட்டி வளரும் நோய். வயிற்றில் துளை போடாமல், வலிக்குறிப்பையும் ஒரு புது ஸ்கேனையும் வைத்தே அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. நோட்டு ஒன்றும் வாய் இன்னொன்றும் சொன்னால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"அடுத்த வாரம் உங்களுக்கு ஸ்கேன். பேரை அடிச்சா அந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். நேர்ல ரெண்டரைங்கறீங்க. நோட்டுல எட்டு, ஒன்பது. எதும்மா நிஜம்?"

"எந்த நோட்டு?"

"மாசாமாசம் கீழே பெட்டியில போட்டீங்களே, இதுதான்." வயலெட் மையில் இருந்ததை நர்ஸ் வாசித்தாள். "'காலை 6.42. குக்கரை மூடும்போது மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றது, 6.51 வரை. ஒன்பது.' அப்புறம் இது. 'மாலை 5.20. குளியலறை. முனகல் வெளியே கேட்காமல் இருக்கக் குழாய் திறந்திருந்தது. வாளி நிரம்பி வழிந்தது. எட்டு.' இவ்வளவு துல்லியமா யாரும் எழுதினதில்ல, ஜோடிச்ச மாதிரி இருக்குன்னு டாக்டரே சந்தேகப்படுறார்."

மருமகளின் முகம் வெளுத்தது.

"நான் ஒரு வரிகூட எழுதல சிஸ்டர். நீங்க கொடுத்த நோட்டையெல்லாம் அப்படியே பீரோவுல துணிக்கு அடியில வெச்சுட்டேன்."

"ஏம்மா?"

"எட்டு வருஷம், நாலு டாக்டர். ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுலதான்னு சொல்லிட்டாங்க. எழுத உட்கார்ந்தா எனக்கே பொய் சொல்ற மாதிரி கை கூசிச்சு."

நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"இதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல. அந்த வாளிகூட." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒன்பது போடுங்க சிஸ்டர்."

நர்ஸ் இரண்டரையை அடித்து ஒன்பது என்று எழுதினாள். "ஒவ்வொரு பக்கமும் படிச்சுட்டு, சரின்னா கையெழுத்துப் போடுங்க. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். ஸ்கேன் உங்களுக்குத்தான். ஆனா இதை எழுதினது யாரு? வீட்டுக்காரரா?"

"அவருக்குக் குக்கர் எங்க இருக்குன்னே தெரியாது."

கதவு திறந்தது. அலாரம் தலையை நீட்டினாள். ஒரு கையில் கடிகாரம். மறு கையில் நான்காவது நோட்டு.

"ஐயோ பாவம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், ஒண்ணுமில்ல அத்தைன்னு வலியோடவே வீட்டையே கழுவி விட்டுடுவா. அதான் பீரோவுல இருந்த நோட்டை எடுத்து, திட்டிக்கிட்டே எழுத வேண்டியதாப் போச்சு," என்று வயலெட் பேனாவை மூடினாள். "இன்னிக்கு பத்து பதினொண்ணுல இருந்து பத்து பதினேழு வரைக்கும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தா. உன் எதிர்லதான் உட்கார்ந்திருந்தா, நீ குறிச்சியாம்மா?"