பாதரச வேட்டை

"கீய்ய்ங்... கீய்ய்ங்!"

பாய்லர் அறைக்குள் வந்து உதவியாளர் ஜின்சன் சுவிட்சைப் போட்டதுமே கருவி அலறியது. சாயப்பட்டறைப் பெண்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள்.

"பாத்தீங்களாங்கம்மா? பாதரசம்!" என்றார் மாசு சோதனைக்கு வந்த அதிகாரி பூபதிராஜா. "நிலக்கரிப் புகையில வர்றது நம்ம மூக்குக்குத் தெரியாது. இந்த மெஷினுக்குத் தெரியும். இன்னைக்குத்தான் பெட்டியையே பிரிச்சோம்."

பட்டறை முதலாளி கருப்பாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அடுத்த சோதனையில் பாதரசம் இருந்தால் பட்டறைக்குப் பூட்டுதான் என்று போன முறையே அவர் எச்சரித்திருந்தார்.

"எப்புடிங்க சார்? நீங்க சொன்னாப்பலயே சிரட்டைக்கரித் தூளைப் புகையில ஊதி, பாதரசத்தை அதுல ஒட்ட வெச்சு, வடிகட்டிப் பையில புடிச்சுப்போடறமுங்க. நம்ம கொழிஞ்சாம்பாறையில வேற யாருங்க இத்தனை பண்றாங்க?"

"அதைய மெஷின்கிட்டச் சொல்லுங்க."

"அடியே ஆனந்தி, பாய்லரை நிறுத்து புள்ள!"

நெருப்பு அணைந்து புகை அடங்கும்வரை இளநீர் வந்தது. கருப்பாத்தாள் குழைந்தாள். "மூஞ்சி பளபளங்குதுங்க சார். எதாச்சும் விசேசமுங்களா?"

"அடுத்த வாரம் கல்யாணமுங்க" என்று வெட்கப்பட்டவர், சட்டென்று விறைத்துக்கொண்டார். "அதுக்காக விட்டுருவேன்னு நெனைக்காதீங்க."

புகை சுத்தமாக நின்றது. கருவி நிற்கவில்லை.

"சுவத்துல ஊறிப்போச்சு" என்றார். வேப்பமரத்தடிக்குப் போனார்கள். அங்கேயும் கீய்ய்ங்! "மரத்துலயும் ஏறிருச்சு!" வாசல் கேட்டிலும் கீய்ய்ங்! "போச்சு, பொள்ளாச்சி வரைக்கும் பரவியிருக்கும்!"

அப்போது அவருடைய போன் ஒலித்தது. "சொல்லு கிருத்திகா..." என்று குழைந்தபடி சாலையின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

கருவி கப்சிப்.

அதைத் தூக்கிக்கொண்டிருந்த ஜின்சனும் கருப்பாத்தாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனந்தி, பாய்லரைப் பத்த வெய்யி!"

நிலக்கரி கனன்றது. ஜின்சன் புகைபோக்கியைச் சுற்றிச்சுற்றி வந்தான். வடிகட்டியின் பக்கத்தில் நீட்டினான். கருவி வாயே திறக்கவில்லை.

வருங்கால மனைவியிடம் பேசி முடித்த பூபதிராஜா, ஜீப்பிலிருந்து பூட்டை எடுத்துக்கொண்டு கம்பீரமாக உள்ளே வந்தார்.

"கீய்ய்ங்!"

"பாத்தீங்களா, மறுபடியும்..."

"சாரே, ஒரு நிமிஷம்" என்ற ஜின்சன், கருவியை மெல்ல உயர்த்தினான். அவருடைய வயிற்றருகே கீய்ங். நெஞ்சருகே கீய்ய்ங். கன்னத்தருகே, காது கிழிகிற மாதிரி கீய்ய்ய்ய்ங்!

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கருப்பாத்தாள் மட்டும் சிரிக்காமல் சொன்னாள்:

"எம்பட பாய்லர் ஓடட்டுமுங்க தம்பி, பாதரசம் நிக்கோணும்னா, நீங்க கல்யாணத்துக்காக மூஞ்சியில பூசற அந்தச் செவப்பாக்கற கிரீமைத்தான் நிறுத்தோணும்!"